மாமல்லபுரம் ட்ரிப்: 20,810 ரூபாய் பில்லில் டிக்கெட் 160 ரூபாய்தான்!



"அம்மா அப்பாவைக் கூட்டிக்கிட்டு ரெண்டு நாள் மாமல்லபுரம் போகலாம்னு இருக்கேன். எவ்வளவு ஆகும்?" இந்தக் கேள்வி நம்ம சேனலுக்கு அடிக்கடி வருது. கேக்கறவங்க பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனவங்க. கைக்கு வர்ற சம்பளம் 30,000-லிருந்து 50,000-க்குள்ள. வீட்டுல பெரியவங்க "டூர்"னு தனியா எங்கேயும் போனதே இல்லை. போனதெல்லாம் குலதெய்வம் கோயிலும் சொந்தக்காரங்க கல்யாணமும்தான்.

இவங்க பொதுவா ரெண்டுல ஒண்ணு பண்றாங்க. ஒண்ணு, "இன்க்ரிமென்ட் வரட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம்"னு தள்ளிப் போடறது. வருஷம் போகும், இன்க்ரிமென்ட்டும் வரும், ஆனா அதுக்குள்ள அப்பாவுக்கு முட்டி வலி வந்துடும். இன்னொண்ணு, கிரெடிட் கார்டைத் தேய்ச்சு ஒரு ரிசார்ட் புக் பண்ணிட்டு ஆறு மாசம் கட்டறது. ரெண்டுமே தேவையில்லை. ஏன்னு கணக்கோட சொல்றேன்.

முதல்ல பில்லைப் பிரிச்சுப் பார்ப்போம்

சென்னையில இருந்து நாலு பேர் கொண்ட குடும்பம் சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புதுன்னு வச்சுக்குவோம். கீழே இருக்கற வாடகை, சாப்பாட்டுத் தொகையெல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்ட உத்தேசம். உங்க தேதிக்கு ஏத்த மாதிரி மாத்திப் போட்டுக்கங்க.

- ஈசிஆர் ரிசார்ட்ல ரெண்டு ரூம், ஒரு ராத்திரி, தலா 4,500: 9,000 ரூபாய்
- அதுக்கு 5% ஜிஎஸ்டி: 450 ரூபாய்
- ரெண்டு நாளைக்கு வாடகைக் கார்: 6,000 ரூபாய்
- ரிசார்ட்லயே சாப்பாடு: 4,200 ரூபாய்
- டீ, பார்க்கிங், சில்லறைச் செலவு: 1,000 ரூபாய்
- நினைவுச்சின்னங்களுக்கு நுழைவு டிக்கெட், 4 பேருக்கு: 160 ரூபாய்

மொத்தம் 20,810 ரூபாய். நீங்க எதைப் பார்க்கப் போனீங்களோ, அதுக்குக் கொடுத்தது 160. நூறு ரூபாய்க்கு 77 பைசா கூட முழுசா இல்லை! மீதி 99 ரூபாய் சொச்சம் தூங்கறதுக்கும், போய் வர்றதுக்கும், சாப்பிடறதுக்கும். அது தப்புன்னு சொல்ல வரல. ஆனா "மாமல்லபுரம் காஸ்ட்லி"ன்னு சொல்றவங்க இதைக் கவனிக்கணும். மாமல்லபுரம் காஸ்ட்லி இல்லை. சனிக்கிழமை ராத்திரிதான் காஸ்ட்லி.

அந்த 40 ரூபாய்க்கு என்ன கிடைக்குது?

மாமல்லபுரம் 1984-லயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த ஊர். தொல்லியல் துறை இந்தியர்களுக்குப் போட்டிருக்கற டிக்கெட் தலைக்கு 40 ரூபாய், ஆன்லைன்ல எடுத்தா 35. பதினஞ்சு வயசுக்குக் கீழ இருந்தா டிக்கெட்டே கிடையாது. வெளிநாட்டு நண்பரைக் கூட்டிட்டுப் போனா அவருக்கு 600 ரூபாய். அதையும் பட்ஜெட்ல சேர்த்துக்கங்க.

கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே டிக்கெட்தான், அன்னிக்கு மட்டும் செல்லும். அதனால டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுடாதீங்க. முக்கியமா, சாயங்காலம் ஊருக்குள்ள நுழைஞ்சதும் அவசரப்பட்டு எடுக்காதீங்க. 6 மணிக்கு மூடிடுவாங்க. மறுநாள் காலையில 6 மணிக்குத் திறக்கும்போது எடுத்தா ஒரே நாள்ல எல்லாத்தையும் நிதானமா பார்க்கலாம்.

*கடற்கரைக் கோயில்.* எட்டாம் நூற்றாண்டு தொடக்கத்துல ராஜசிம்ம பல்லவன் கட்டினது. கல்லைக் கல்லா அடுக்கிக் கட்டின கோயில் இது. ரெண்டு சிவன் சன்னதி, நடுவுல பள்ளிகொண்ட பெருமாள். இந்த இடத்துக்கு உச்சி வெயில்ல போறவங்கதான் "என்னப்பா, சின்னக் கோயிலா இருக்கு"ன்னு திரும்பி வர்றவங்க. டிசம்பர், ஜனவரியில காலை 6 மணிக்கு உள்ளே போனீங்கன்னா சூரியன் அதுக்கப்புறம்தான் கடல்ல இருந்து எழும்பும். அந்த வெளிச்சத்துல அந்தக் கோயிலைப் பார்த்தவங்க அப்படிப் பேச மாட்டாங்க. அதுக்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை, அலாரம் வைக்கணும், அவ்வளவுதான்.

*அர்ஜுனன் தபசு.* ரோட்டோரமாவே இருக்கற பெரிய பாறைச் சிற்பம். நீளம் சுமார் 90 அடி. இது அர்ஜுனன் பாசுபத அஸ்திரம் கேட்டுத் தவம் இருந்ததா, பகீரதன் கங்கையைக் கொண்டு வந்ததான்னு அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கிட்டு இருக்காங்க. பாறைக்கு நடுவுல இருக்கற பிளவைப் பாருங்க, அதுல நாகங்கள் இருக்கும். கிழக்கு பார்த்த பாறை, அதனால காலை வெயில் நேரா விழும். அப்பதான் ஒவ்வொரு உருவமும் தெளிவா தெரியும்.

இங்க கட்டாயம் தேடிப் பார்க்க வேண்டிய ஒண்ணு, யானைகளுக்குப் பக்கத்துல ஒரு பூனை. ஒத்தக் கால்ல நின்னு, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கித் தவம் பண்ணுது. சுத்தி எலிங்க நம்பிக்கையோட நிக்குது. ருத்திராட்சப் பூனைன்னு நாம சொல்றோமே, அதை 1,300 வருஷத்துக்கு முன்னாடியே செதுக்கி வச்சிருக்காங்க! "மாசம் 5% உறுதியான வருமானம், ரிஸ்க்கே இல்லை"ன்னு வாட்ஸ்அப்ல யாராவது மெசேஜ் அனுப்பினா இந்தப் பூனை உங்க ஞாபகத்துக்கு வரணும். அதுக்காகவே ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

*பின்னால இருக்கற குன்று.* இதைப் பாதிப் பேர் விட்டுடறாங்க. வராக மண்டபம், மகிஷாசுரமர்த்தினி மண்டபம், கணேச ரதம், மேலே ஒலக்கண்ணேஸ்வரர் கோயில், பக்கத்துலயே கலங்கரை விளக்கம். மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துல ஒரு சுவர்ல துர்க்கை சிங்கத்து மேல பாய்ஞ்சு வர்றா, எதிர் சுவர்ல பெருமாள் அமைதியா படுத்திருக்கார். ஒரே அறையில போரும் தூக்கமும். சரிவுல உருண்டு விழப்போற மாதிரி நிக்கற கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டையும் இந்தக் குன்றுலதான். அதைத் தள்ளற மாதிரி போட்டோ எடுக்காம யாரும் திரும்பறதில்லை, நீங்களும் எடுத்துக்கங்க.

*ஐந்து ரதம்.* கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே சுமார் ஒன்றரை கிலோமீட்டர். ஏழாம் நூற்றாண்டு. ஒவ்வொண்ணும் ஒரே பாறையைக் குடைஞ்சு செஞ்சது. பாண்டவர் பேர் இருக்கே தவிர, அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, பேர் பின்னால வந்தது. மேலிருந்து கீழா செதுக்கிட்டே வந்திருக்காங்க. அதனாலதான் மேல விமானம் முழுசா முடிஞ்சிருக்கும், கீழே சில இடத்துல கல் அப்படியே கரடுமுரடா நிக்கும். எப்படிச் செஞ்சாங்கன்னு அந்த முடியாத இடங்கள்தான் நமக்குச் சொல்லித் தருது.

டிக்கெட்டே இல்லாம பார்க்கறதுக்கும் நிறைய இருக்கு. ஊருக்கு நடுவுல தலசயனப் பெருமாள் கோயில், 108 திவ்ய தேசங்கள்ல ஒண்ணு. பூதத்தாழ்வார் அவதரிச்ச ஊர் இந்தக் கடல்மல்லைதான். அம்மாவுக்கு இது ஐந்து ரதத்தை விட முக்கியமா இருக்கலாம், அதுக்கு நேரம் ஒதுக்குங்க. வடக்கே சாளுவன்குப்பத்துல புலிக்குகை. அதுக்குப் பக்கத்துல, 2004 சுனாமிக்கு அப்புறம் வெளியில தெரிஞ்ச கல்வெட்டை வச்சுத் தொல்லியல் துறை தோண்டி எடுத்த பழைய முருகன் கோயில் இருக்கு. தெருவுல நடந்தாலே உளிச் சத்தம் கேக்கும் சிற்பக் கூடங்கள். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. சின்னதா ஒரு பிள்ளையார் வாங்கணும்னா மாக்கல்லா, கருங்கல்லான்னு கேட்டு வாங்குங்க. விலை வித்தியாசத்துக்குக் காரணம் அதுதான்.

ஞாயிறு போங்க, திங்கள் வாங்க

இப்ப பில்லைக் குறைக்கற வழி. ரூம் வாடகை வெள்ளி, சனி ராத்திரிகள்ல ஏறும், ஞாயிறு ராத்திரி இறங்கும். சனிக்கிழமை வந்த கூட்டம் ஞாயிறு சாயங்காலம் ஊருக்குக் கிளம்பிடும், ரூமெல்லாம் காலியாகும். அதனால ஒரே ஒரு நாள் லீவ் போடுங்க, திங்கட்கிழமைக்கு.

ஞாயிறு காலை சென்னையில இருந்து கிளம்புங்க. வழியில முட்டுக்காட்டுல தட்சிணசித்ரா இருக்கு. தென்மாநிலங்களோட பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டு வந்து அப்படியே நிறுத்தி வச்சிருக்காங்க. செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில அப்பா உக்காந்தார்னா எழுந்திருக்க மாட்டார். இல்லேன்னா வடநெம்மேலி முதலைப் பண்ணை, 1976-ல ரோமுலஸ் விட்டேக்கர் ஆரம்பிச்சது. ரெண்டுல ஒண்ணு போதும், ரெண்டையும் ஒரே நாள்ல திணிச்சா பெரியவங்களுக்குக் களைப்பு. ஒரு குறிப்பு: முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். அதனாலதான் இதை ஞாயித்துக்கிழமையில போட்டேன்.

சாயங்காலம் ரூம்ல பையை வச்சுட்டு, பெருமாள் கோயில், கடற்கரை, சாப்பாடு, சீக்கிரமா தூக்கம். திங்கள் காலை 6 மணிக்குக் கடற்கரைக் கோயில். டிபன். எட்டு மணிக்கு அர்ஜுனன் தபசும் குன்றும். பத்து மணிக்கு ஐந்து ரதம். வெயில் ஏறதுக்குள்ள ரூமுக்குத் திரும்பிடலாம். வார நாள்ல கூட்டமும் குறைவு.

இதே நாலு பேருக்கு உத்தேசக் கணக்கு: ஊருக்குள்ள சுத்தமான லாட்ஜ்ல ரெண்டு ரூம் தலா 1,800, ஜிஎஸ்டியோட 3,780. பஸ்ஸும் ஆட்டோவும் சேர்த்து 1,400. ஊர் ஹோட்டல்கள்ல சாப்பாடு 2,000. சில்லறைச் செலவு 1,000. டிக்கெட் அதே 160. மொத்தம் 8,340 ரூபாய். ஞாயித்துக்கிழமை வழியில பார்க்கற இடத்தோட டிக்கெட்டை இதுக்கு மேல கூட்டிக்கங்க.

முதல் பில்லுக்கும் இதுக்கும் வித்தியாசம் 12,470 ரூபாய். பார்த்த சிற்பங்கள்ல ஒண்ணு கூடக் குறையலை.

ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி: 7,500 கோடு

இது நம்ம ஏரியா, கொஞ்சம் கவனமா படிங்க. 2025 செப்டம்பர் 22-லிருந்து, ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரைக்கும் உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5%. அதுக்கு மேல போனா 18%. தாண்டின தொகைக்கு மட்டும் இல்லை, முழு வாடகைக்கும்.

7,400 ரூபாய் ரூம்: வரி 370, மொத்தம் 7,770.
7,600 ரூபாய் ரூம்: வரி 1,368, மொத்தம் 8,968.

வாடகையில வித்தியாசம் 200. உங்க பாக்கெட்ல வித்தியாசம் 1,198! ஆப்ல விலை பார்க்கும்போது "வரிகள் தனி"ன்னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. கடைசிப் பக்கம் வரைக்கும் போய் மொத்தத் தொகையைப் பார்த்துத்தான் ஒப்பிடணும். தள்ளுபடி போக நீங்க உண்மையா கொடுக்கற வாடகைதான் கணக்கு, போர்டுல எழுதியிருக்கற வாடகை இல்லை. அப்புறம், 7,500-க்குள்ள உள்ள ரூமுக்கு யாராவது இன்னும் 12% போட்டு பில் கொடுத்தா, அது பழைய விகிதம். பணிவா சுட்டிக்காட்டுங்க.

சாப்பாட்டுக்கும் இதே கதைதான். சாதாரண ரெஸ்டாரன்ட்ல 5%. ஆனா 7,500-க்கு மேல ரூம் விடற பெரிய ஹோட்டல்களுக்கு உள்ளே இருக்கற ரெஸ்டாரன்ட்ல 18% வரும். 3,000 ரூபாய் சாப்பாட்டுக்கு வெளியில 150 வரி, உள்ளே 540.

இன்னொண்ணு, பில்லுல "சர்வீஸ் சார்ஜ்"னு ஒரு வரி இருந்தா அது அரசாங்க வரி இல்லை. அதைக் கட்டாயமா வசூலிக்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல வழிகாட்டுதல் கொடுத்தது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்ல அதை உறுதி செஞ்சது. எடுக்கச் சொல்லிக் கேக்கலாம். மறுத்தா நுகர்வோர் உதவி எண் 1915. பரிமாறினவருக்கு மனசார கொடுக்கணும்னா அவர் கையிலயே கொடுங்க.

கடற்கரையோரக் கடைகள்ல மீன் சாப்பிடறவங்க, மீனைக் கைகாட்டறதுக்கு முன்னாடி எடையும் விலையும் கேட்டுடுங்க. வறுத்து வந்ததுக்கு அப்புறம் பேரம் பேச முடியாது.

எல்டிஏவை இதுக்கு வீணாக்காதீங்க

"சம்பளத்துல எல்டிஏன்னு ஒண்ணு வருதே, இந்த ட்ரிப்புக்கு கிளைம் பண்ணலாமா?" நல்ல கேள்வி. முதல்ல நீங்க எந்த ரெஜிம்னு பாருங்க. புது வரி ரெஜிம்ல எல்டிஏ விலக்கு கிடையாது, அந்தத் தொகைக்கு முழுசா வரி உண்டு. எதையும் தேர்ந்தெடுக்காம விட்டிருந்தீங்கன்னா நீங்க இருக்கறது புது ரெஜிம்தான். அப்ப இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிடலாம்.

பழைய ரெஜிம்ல இருக்கறவங்களுக்கு: எல்டிஏ விலக்கு பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான். ரூம், சாப்பாடு, சுத்திப் பார்க்கற செலவு எதுவும் சேராது. இந்தியாவுக்குள்ள போகணும், லீவ் போட்டுப் போகணும். நாலு காலண்டர் வருஷத்துக்கு ரெண்டு பயணம். 2022-2025 தொகுப்பு முடிஞ்சு இப்ப 2026-2029 ஓடுது. போன தொகுப்புல பயன்படுத்தாம மிச்சம் வச்சிருந்தா ஒரே ஒரு பயணத்தை 2026-க்குள்ள எடுத்துக்கலாம்.

இங்கதான் நிறையப் பேர் கோட்டை விடறாங்க. சட்டம் எண்ணறது பயணத்தை, ரூபாயை இல்லை. சென்னையில இருந்து மாமல்லபுரம் பஸ் கட்டணம் குடும்பத்துக்கே 800 ரூபாய்னு வச்சா, 20% வரம்புல இருக்கறவருக்கு செஸ்ஸோட சேர்த்து மிச்சமாகற வரி சுமார் 166 ரூபாய். அதே வாய்ப்பை டெல்லிக்கு விமானத்துல 40,000 ரூபாய் டிக்கெட்டுக்குப் பயன்படுத்தினா மிச்சம் 8,320. இருக்கறதே ரெண்டு. ஒண்ணை 166 ரூபாய்க்குச் செலவழிக்காதீங்க. அப்பா அம்மாவைச் சேர்க்கணும்னா அவங்க உங்களைச் சார்ந்தவங்களா இருக்கணும்ங்கறதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

கார்டா, ஆர்டியா?

கார்டுல புக் பண்றது தப்பில்லை, முழு பில்லையும் கடைசித் தேதிக்குள்ள கட்டறதா இருந்தா. "மினிமம் கட்டிக்கலாம்"னு விட்டாதான் ஆபத்து. கார்டு வட்டி சாதாரணமா மாசத்துக்கு 3-லிருந்து 4 சதவீதம் வரைக்கும் போகும். 3.5%னு வச்சு அந்த 20,810-க்கு ஒரு மாச வட்டி 728 ரூபாய், வட்டிக்கு 18% ஜிஎஸ்டி 131, ஆக 859 ரூபாய். இருபத்தோரு பேர் கடற்கரைக் கோயில் பார்க்கற காசு அது! அது மட்டுமில்ல, பாக்கி வச்ச உடனே புதுசா வாங்கற பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் போயிடும். மளிகைக்குத் தேய்ச்சாலும் அன்னிக்கே வட்டி ஓட ஆரம்பிச்சுடும்.

"நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு வந்தாலும் ப்ராசஸிங் கட்டணம் இருக்கா, வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டி இருக்கான்னு பாருங்க. பேர்ல மட்டும்தான் காஸ்ட் இல்லாம இருக்கும்.

இதுக்கு மாத்து ரொம்ப எளிசு. மாசம் 1,400 ரூபாய்க்கு ஆறு மாச ஆர்டி. சம்பளம் வந்த மறுநாளே எடுத்துக்கற மாதிரி போட்டுடுங்க. ஆறு மாசத்துல 8,400 ரூபாயும் கொஞ்சம் வட்டியும். ரெண்டாவது பில் கையிருப்புலயே முடிஞ்சிடும். ஜூலையில ஆரம்பிச்சா ஜனவரியில போகலாம். வெயில் தாழ்ந்த நல்ல சீசன், டிசம்பர்-ஜனவரியில தமிழ்நாடு சுற்றுலாத் துறையோட நாட்டிய விழாவும் நடக்கற சமயம். எமர்ஜென்சி ஃபண்ட்ல மட்டும் கை வைக்காதீங்க. அது ஆஸ்பத்திரிக்கும் வேலை போன மாசத்துக்கும்.

எதுல மிச்சம் பிடிக்கக் கூடாது?

சிக்கனம் வேற, கஞ்சத்தனம் வேற. 8,340 ரூபாய் பில்லைக் காட்டினதும் சிலர் அதையும் 5,000 ஆக்கப் பார்ப்பாங்க. இந்த நாலு இடத்துல வேண்டாம்.

ஒண்ணு, ரூம். பெரியவங்களோட போனா கீழ்த்தளமா, லிஃப்ட் இருக்கா, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கான்னு போன் பண்ணிக் கேளுங்க. அதுக்கு 500 ரூபாய் கூடுதல்னா சந்தோஷமா கொடுங்க. போன் பண்ணும்போதே நேரடி விலையையும் கேளுங்க, சில சமயம் ஆப்பை விடக் குறைவா இருக்கும்.

ரெண்டு, வழிகாட்டி. அடையாள அட்டை வச்சிருக்கறவரா பார்த்து, கட்டணத்தை முதல்லயே பேசிக்கிட்டு, அர்ஜுனன் தபசுக்காவது ஒருத்தரை வச்சுக்கங்க. விளக்கம் இல்லாம பார்த்தா அது ஒரு பாறை. விளக்கத்தோட பார்த்தா ஒரு மணி நேரம் நகர மனசு வராது.

மூணு, ஆட்டோ. ஒன்றரை கிலோமீட்டர்தானேன்னு அம்மாவை வெயில்ல ஐந்து ரதத்துக்கு நடக்க வைக்காதீங்க.

நாலு, கடல். இதுல விட்டுக்கொடுக்கவே கூடாது. மாமல்லபுரம் கடல் இழுக்கற கடல். கால் நனைக்கறதோட நிறுத்திக்கங்க. அலைச்சறுக்கு கத்துக்கணும்னு ஆசை இருந்தா இங்கயும் கோவளத்துலயும் பயிற்சி கொடுக்கறவங்க இருக்காங்க, அவங்ககிட்ட காசு கொடுத்து, அவங்க சொல்ற இடத்துல இறங்குங்க. தனியா இறங்கி மிச்சம் பிடிக்கற விஷயம் இல்லை இது.

இனி உங்க கையில

இதெல்லாம் சொன்னதுக்கு அப்புறமும் "எனக்கு அந்த ரிசார்ட்தான் வேணும், நீச்சல் குளத்துல ஒரு நாள் முழுக்கக் கிடக்கணும்"னு தோணுதா? தாராளமா போங்க. அதுவும் ஒரு ஆசைதான். மாசம் 1,750 ரூபாய் வீதம் ஒரு வருஷம் போட்டா 21,000 ரூபாய், முதல் பில்லும் கடன் இல்லாம முடியும். நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு: எதுக்குக் காசு கொடுக்கறோம்னு தெரிஞ்சு கொடுங்க. நீச்சல் குளத்துக்குக் கொடுத்துட்டு, அதைக் கடற்கரைக் கோயில் கணக்குல எழுதி, "டூர் போறதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. அப்படி முடிவு பண்ற வீடுகள்ல பெரியவங்க எதையும் கேக்க மாட்டாங்க. "எங்களுக்கு எதுக்குப்பா செலவு"ன்னுதான் சொல்லுவாங்க. அந்தச் செலவு தலைக்கு 2,085 ரூபாய்தான்னு இப்ப உங்களுக்குத் தெரியும்.

இன்னிக்கே பண்ண வேண்டியது மூணு வேலை. பேங்க் ஆப்ல ஆர்டி ஆரம்பிங்க. காலண்டர்ல ஒரு திங்கட்கிழமையைக் குறிச்சு லீவ் சொல்லி வைங்க. வீட்டுக்குப் போன் பண்ணித் தேதியைச் சொல்லிடுங்க. மூணாவதைப் பண்ணிட்டீங்கன்னா முதல் ரெண்டையும் உங்களால நிறுத்த முடியாது!

உங்க குடும்பத்துக்கு எத்தனை பேர், எந்த ஊர்ல இருந்து கிளம்பறீங்கன்னு கமென்ட்ல போடுங்க. மதுரை, கோவையில இருந்து வர்றவங்களுக்குச் செங்கல்பட்டு ஸ்டேஷன் வழியா ஒரு கணக்கை அடுத்த வீடியோல போட்டுக் காட்டறேன்.